தொட்டிக்கு ஒரு தூம்பு

பிள்ளையார்பாளையத்து வீடுகளுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. தெருவாசலில் நுழைந்து கூடம், தறி, நடை, சமையற்கட்டு என்று நடந்துகொண்டே இருந்தால் கடைசியில் ஒரு துண்டு வானம் தெரியும். அதற்குத் தோட்டம் என்று பெயர். அப்பால் அடுத்த தெருக்காரருடைய சுவர். பின்னால் கொட்டுகிற தண்ணீர் வெளியேற வேண்டுமென்றால் வீட்டின் நெடுகிலும் ஓடி முன்வாசல் சாக்கடைக்குத்தான் போகவேண்டும். வேறு போக்கிடம் இல்லை. அந்தத் தெருவில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். கைலாசத்துக்கும் தெரியும். தெரிந்தேதான் அவர் தோட்டத்துத் தொட்டியில் ஜப்பான் கெண்டை வளர்த்தார்.

அந்தத் தொட்டி அவருடைய அப்பா கட்டியது, சாயம் தோய்த்த பட்டு நூலை அலசுவதற்காக. தரைக்கு மேல் இரண்டடி, தரைக்குள் இரண்டரை அடி. கைலாசமும் இருபது வருஷம் அதில் பட்டு அலசினார். சாயப்புகை நெஞ்சில் ஏறி, இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தறிக்கு டிசைன் அட்டையில் துளை அடிக்கிற வேலைக்குப் போய்விட்டார். தொட்டி சும்மா கிடந்தது. நிறங்களோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சென்னைக்குப் போய், கொளத்தூரில் விரல் நீளத்தில் ஏழு மீன் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

நாலு வருஷத்தில் அவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்தன. ஒன்று வெள்ளையில் அரக்குத் திட்டு. ஒன்று சுத்த மாம்பழ மஞ்சள். ஒன்றுக்கு முதுகு நெடுக ஜரிகை ஓடும். மத்தியானம் கைலாசம் வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தால், கமலாட்சி சாப்பிடச் சொல்லி இரண்டு தரம் கூப்பிடுவாள். மூன்றாம் தரம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். சோறு ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே அவளும் பார்ப்பாள். மீன்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, யாரோ தூக்கத்தில் நினைத்துக்கொள்கிற மாதிரி, போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் தை மாதத்தில் ஒரு மீன் செத்தது. மாசியில் இன்னொன்று. மிச்சமிருந்த ஐந்தும் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. கைலாசமும் தினம் பத்துக் குடம் மொண்டு வாழைக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருந்தார். கொளத்தூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார். மேல் தண்ணீரை எத்தனை மொண்டாலும் பிரயோஜனமில்லை, கழிவெல்லாம் அடியில் படிந்து விஷமாகிக் கிடக்கிறது, தரையை உடைத்து நடுவில் ஒரு வாய் வைத்து அங்கிருந்தே வெளியேற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். கோடை முற்றுவதற்குள் செய்யாவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாதாம்.

வாய் வைக்கலாம். அதிலிருந்து புறப்படுகிற குழாய் தெருவுக்குப் போகவேண்டுமே. வீட்டின் முன்பாதி அண்ணன் குப்புசாமியுடையது. அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கைலாசத்தின் மகள் மஹாலட்சுமியின் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் இருந்தது, பெரியம்மா கங்கையம்மாளின் பெயர் அச்சில் விட்டுப் போயிற்று. பத்திரிகையைப் பார்த்ததும் கைலாசம் தலையில் அடித்துக்கொண்டார். பேனாவால் எழுதிச் சேர்த்துக் கொண்டுபோய் நீட்டினார். எழுதிச் சேர்த்ததுதான் வினையாகப் போயிற்று. என் பொண்டாட்டி என்ன ஒட்டுப்போட்ட துணியா என்று குப்புசாமி கேட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தரம் பாயசம்கூட வாங்கிக்கொண்டார். தம்பியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பேசாமல் இருப்பதற்குத் தோதான வீடும் இல்லை அது. கைலாசம் வெளியே போகவும் உள்ளே வரவும் அண்ணன் தறியை ஒட்டிய நடையைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரு நாளைக்கு நாலு தரம் அண்ணனின் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளிப் போவார். அண்ணன் தறியில் நீட்டிய பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு போவார். வீம்பில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆகவே கமலாட்சிதான் போய்க் கேட்டாள். ஓரகத்திகள் இருவரும் அந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ தரம் பேசி, சண்டை போட்டு, மறுபடி பேசியாகிவிட்டது. கங்கையம்மாள் தன் சமையற்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நடை ஓரமா ஒரு குழாய் போவணும். உங்க பக்கத்தைத் தோண்டாம முடியாது" என்றாள் கமலாட்சி.

"எதுக்குமா?"

"மீனு செத்துக்கினு இருக்குது. இவரு சரியா சாப்புடறதில்ல. வெடியறதுக்கு முன்னாடியே போயி தொட்டிகிட்ட நிக்கறாரு. நீயே போயி அண்ணனை ஒரு வார்த்தை கேளுன்னா, வாய்ல பூட்டு."

கங்கையம்மாள் ஒரு இணுக்கை உருவிப் போட்டாள். "மீனு இன்னாமா பண்ணுச்சி? பத்திரிகையில என் பேர வுட்டது மீனா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "பேரு என்னுது. நான் மறந்து எத்தினியோ வருஷமாவுது. இந்த மனுஷன் எனக்கும் சேத்து மொறச்சிக்கினு இருக்கறாரு. நான் சொல்லிக்கறேன், நீ போ."

சாப்பாடு போடும்போது சொன்னாள். குப்புசாமி சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போதுதான் சொன்னார்: "அமாவாசைக்குத் தோண்டிக்கச் சொல்லு. மத்த நாள்ல மண்ணு கெளப்பக் கூடாது. பாவுல தூசி ஒக்காந்துடும்." அமாவாசையன்று அந்தத் தெருவில் யாரும் தறியில் இறங்கமாட்டார்கள். யாரிடம் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கங்கையம்மாளும் கேட்கவில்லை.

முசரவாக்கத்திலிருந்து முனுசாமி மேஸ்திரி வந்தார். ஏரி மதகு வேலை பார்த்துப் பழகியவர். தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, ஏரிக்குத் தூம்பு வைத்திருக்கிறேன், மீன் தொட்டிக்குத் தூம்பு இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். ஆனால் விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. தரையை நாலு பக்கமிருந்தும் நடுவுக்குச் சரித்துவிட வேண்டும். நடுவில் வாய். அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, விரல் நுழைகிற அளவு சந்து விட்டால் மீன் உள்ளே போகாது, அழுக்கு மட்டும் போகும். வாயிலிருந்து குழாய் தரைக்கடியில் போய், தொட்டிக்கு வெளியே மேலேறி, வால்வு வழியாக நடைக்குத் திரும்பும். மேலே நிற்கிற தண்ணீரின் கனமே அடித் தண்ணீரை உந்தித் தள்ளிவிடும். கவிழ்ப்பதற்குக் கமலாட்சி தன்னுடைய பழைய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொடுத்தாள்.

தொட்டியைக் காலி செய்தபோது மீன்களை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. தோட்டத்தில் வெயில் தீய்த்தது. வீட்டிலேயே குளுமையான இடம் நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழிக்குப் பக்கம்தான். கங்கையம்மாள் யாரையும் கேட்காமல் அங்கே இடம் ஒழித்துக் கொடுத்தாள். ஒரு நீல டிரம்மைக் குறுக்கே அறுத்து, இரண்டு பாதியிலும் தண்ணீர் நிரப்பி, காற்று விடுகிற சின்ன மோட்டாரைப் போட்டு, மீன்களை அங்கே குடிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் இறங்கித் தண்ணீரில் விழும். விழுந்த வெளிச்சம் நெளிந்து நெளிந்து பாவின் மேல் ஏறும். குப்புசாமி நெய்துகொண்டிருந்தது அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு முகூர்த்தப் புடவை. அதன்மேல் மீனின் நிழலும் தண்ணீரின் வெளிச்சமும் மாறி மாறிப் போகும். ஊடு இழையை நெருக்குகிற பலகை ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் தண்ணீரில் ஒரு வளையம் எழும். அடி நின்றால் ஐந்து மீனும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். குப்புசாமிக்குச் சில சமயம் தான் தறியில் இருக்கிறோமா, குளத்துக்குள் இருக்கிறோமா என்றே தெரியாமல் போயிற்று. ஊடு நூல் கொண்டுபோகிற நாடாவை எறிந்த கை எறிந்தபடி நிற்கும். நாலு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் சளக் சளக் என்று கேட்டுக்கொண்டிருந்தது இதுதானா என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் கரண்டு போயிற்று. மோட்டார் நின்றது. மீன்களுக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்த கமலாட்சி நடையிலேயே நின்றுவிட்டாள். குப்புசாமி குழியை விட்டு ஏறி, சொம்பில் தண்ணீரை மொண்டு, காற்று கலக்கட்டும் என்று தலை உயரத்துக்குத் தூக்கி அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். மொண்டார், ஊற்றினார். அடுத்த பாதிக்குப் போய் அங்கேயும் ஊற்றினார். அரைமணி நேரம் கழித்துக் கரண்டு வந்ததும் சொம்பைக் கவிழ்த்துவிட்டுக் குழியில் இறங்கிக்கொண்டார். கமலாட்சி இதைப் புருஷனிடம் சொன்னாள். கைலாசம் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பங்குனி அமாவாசையன்று நடையைத் தோண்டினார்கள். கடப்பைக் கல்லைப் பெயர்த்து, வாய்க்கால் வெட்டி, முனுசாமி குழாயை இறக்கினார். தண்ணீர் தெருப்பக்கம் ஓடுவதற்குப் பத்தடிக்கு ஒரு அங்குலம் வாட்டம். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரித்து, இணைப்புகளுக்குப் பசை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கைலாசம் ஆற்றுமணலுக்குப் போயிருந்தார்.

குப்புசாமிக்கு அன்று வேலையில்லை. தறி மேட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். கண் குழாயின் மேல் போயிற்று. தறிக்குப் பக்கத்தில், அவர் தறிக்குப் பக்கத்தில், ஒரு பொருள் கோணலாகக் கிடக்கிறது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கண் அங்கேதான் போயிற்று. நாற்பத்தைந்து வருஷமாக ஒரு இழை ஏறினாலும் இறங்கினாலும் பிரித்துக் கட்டிய கை. மேஸ்திரி அவசரத்தில் விட்டுவிட்டான் போலிருக்கிறது, பாவம், தம்பிக்கு இதெல்லாம் கண்ணில் படாது என்று நினைத்தார். ஒடிந்துபோன மூங்கில் பட்டைகளை ஒரே அளவாக நறுக்கிக் கட்டுக் கட்டாகப் பட்டு நூலால் கட்டினார். தெருப்பக்கத்து முனையைத் தூக்கி அடியில் செருகினார். தறிமரத்தோடு பார்வையை ஓட்டிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் மட்டமாக நின்றது. ஆறு வருஷத்தில் தம்பிக்காக ஒரு காரியம் செய்தோம் என்று மனசு நிறைந்து போயிற்று. துண்டை விரித்துப் படுத்து நன்றாகத் தூங்கினார்.

முனுசாமி திரும்பி வந்து, தான் ஒரு தரம் பார்த்ததுதானே என்று மண்ணைத் தள்ளி மூடிக் கல்லைப் பதித்துவிட்டார்.

புதுச் சிமெண்டின் காரம் போகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டார்கள். பதினோரு நாள் ஊறியது. இதற்குள் டிரம்மில் மீன்கள் வாடத் தொடங்கிவிட்டன. மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. விரலால் தொட்டால் நிமிரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி சாயும். இன்னும் ரெண்டு நாள் தாங்கினால் போதும் என்று கைலாசம் அதன் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னார். மீனிடம் சொன்னாரா, தறியில் இருந்தவரின் காதில் விழட்டும் என்று சொன்னாரா, அது அவருக்கே தெரியாது.

பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தொட்டித் தண்ணீரை வெளியேற்ற வால்வைத் திறந்தார். குழாய்க்குள் கடகடவென்று சத்தம் ஓடியது. வாசல் சாக்கடையருகில் கங்கையம்மாள் நின்றிருந்தாள். அங்கே பூனை மூத்திரம் மாதிரி கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான். மட்டமாகக் கிடந்த குழாயில் வாழைநார் படிந்து அடைத்துக்கொண்டது. அசைத்து வைத்த இணைப்பு, தறிக்குழிக்கு நேராக, விட்டுக்கொண்டது.

தறியின் மிதிகட்டையில் இருந்த குப்புசாமியின் காலுக்குச் சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தார். பழுப்புத் தண்ணீர் கணுக்கால் வரை ஏறிவிட்டிருந்தது. அவர் நெய்து சுருட்டியிருந்த புடவையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கங்கையம்மாள் போட்ட கூச்சலில் கைலாசம் வால்வை மூடிவிட்டு ஓடிவந்தார். குழிக்குள் குதித்தார். வாளியில் மொண்டு மொண்டு கொட்டினார். கடைசியில் இடுப்பு வேட்டியை அவிழ்த்து, அரைக்கால் சட்டையோடு நின்று, குழியைத் துடைத்தார். ஒருவர் புடவையைத் தூக்கிப் பிடித்திருக்க, ஒருவர் அவர் காலடியில் குனிந்திருக்க, அந்தக் குறுகின குழியில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. புடவை நனையவில்லை. தறி மட்டும் ஈரம் காயும் வரை நிற்கவேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் முனுசாமி கல்லைப் பெயர்த்தார். மண்ணை விலக்கினார். மூங்கில் கட்டு ஒன்றை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரு கை வெச்சது இதுல? நான் வாட்டமா வெச்சிட்டுத்தானே போனேன். இப்படி மட்டமா தூக்கி நிறுத்தினா தண்ணி எங்க போவும்?"

கைலாசம் அந்தக் கட்டைப் பார்த்தார். ஒரே அளவு மூங்கில். பட்டு நூல். இழை தெரியாத நெசவு முடிச்சு.  அண்ணன் மெனக்கெட்டு உட்கார்ந்து இதைக் கட்டியிருக்கிறார் என்பதைத் தவிர வேறெதுவும் மனசில் நிற்கவில்லை.

"நான்தான், மேஸ்திரி" என்றார். "கோணலா இருக்குதேன்னு தூக்கி வெச்சேன்."

முனுசாமி பிடித்துக்கொண்டார். இருபது வருஷம் தண்ணீரோடு பிழைத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா, அந்த மீன் செத்தால் என் பெயரல்லவா கெடும் என்று வாய்க்கு வந்தபடி பேசினார். கைலாசம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"அவன் இல்ல, மேஸ்திரி" என்று தறி மேட்டிலிருந்து குரல் வந்தது. குப்புசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான் வெச்சேன். தறிகிட்ட ஒண்ணு கோணலா கெடந்தா எனக்குத் தாங்க மாட்டேங்குது. நல்லது பண்றதா நெனச்சிக்கினு பண்ணிட்டேன். அவனை ஒண்ணும் சொல்லாத."

முனுசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தறி மட்டமா நிக்கணும், சரி. தண்ணி நிக்கக் கூடாதுய்யா, ஓடணும்" என்று முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் குழாய் வாட்டத்துக்கு வந்தது. பசை இறுக ஒரு நாள். வாழைத் தண்ணீர் முழுக்கப் போய், தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரம்ப ஒரு நாள். மீன்களைப் பெண்கள் இரண்டு பேரும் டிரம்மோடு தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் விட்டார்கள். மஞ்சள் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு துடுப்பை ஒரு தரம் விசிறி, கவிழ்த்த தாம்பாளத்தைச் சுற்றிவந்தது. கமலாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குழாய் சரியாக வேலை செய்கிறதா என்பது மீன் இருக்கும்போதுதான் தெரியும். உத்திரத்தன்று பார்த்துவிடலாம் என்று கைலாசம் நினைத்தார். பெண்கள் கல்யாண உற்சவம் பார்க்கக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மேளச் சத்தம் எங்கிருந்தோ காற்றில் வந்து வந்து போயிற்று. அண்ணன் தறி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

வால்வைத் திறந்தார். தாம்பாளத்தின் அடியில் மீன் கழிவும் மிச்சமிருந்த வாழைக் கசடுமாகக் கருப்பாக ஒரு புகை சுழித்து உள்ளே போயிற்று. அழுக்கு தீர்ந்து தெளிந்த தண்ணீர் வந்ததும் மூடவேண்டும், இல்லாவிட்டால் தொட்டி பாதிக்கு வற்றிவிடும். தெளிந்ததா என்பது தெருவில்தான் தெரியும். கைலாசம் நடையில் ஓடினார். சாக்கடையில் கருப்பாக விழுந்துகொண்டிருந்தது. திரும்ப ஓடினார். மறுபடி தெருவுக்கு ஓடினார். இன்னும் கருப்பு. ஐம்பத்து மூன்று வயசு, சாயம் தின்ற நெஞ்சு. மூன்றாம் தரம் தோட்டத்துக்கு வந்தபோது இளைப்பு தாங்காமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தறிச் சத்தம் நின்றது. வாசல் கதவு முனகியது.

"இன்னும் கருப்பாத்தான் வருது" என்று தெருவிலிருந்து குப்புசாமியின் குரல் கேட்டது. யாருக்கென்று இல்லாமல் பொதுவாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பழுப்பா வருது" என்றது. பிறகு, "தெளிஞ்சிடுச்சி. மூடு" என்றது.

கைலாசம் வால்வில் கையை வைத்தார். மூடவில்லை.

"தெளிஞ்சிடுச்சின்றேன்ல. காதுல விழுந்துதா இல்லியா?"

விழுந்தது. நடை முழுக்க, தறியைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டி வந்து விழுந்தது. தொட்டியில் ஒரு சாண் இறங்கிவிட்டது. ஐந்து மீனும் நடுவில் கூடி நின்றன. கைலாசத்துக்குக் கண் மறைத்தது. 

"டேய் கைலாசம், மூடுறா. மீனுக்குத் தண்ணி வேணாவா?"

நடையில் வெறுங்கால்கள் வேகமாக வருகிற சத்தம் கேட்டது. அண்ணன் வந்து சேருகிற வரைக்கும் திறந்தே இருக்கட்டும் என்று கைலாசம் இருந்துவிட்டார்.